வாசகர் கேள்வி-பதில்: கீரவாணியில் தொடங்கும் பிலிப்பைன்ஸ் காதல்

கேள்வி: பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்கும் என் தங்கை ‘குண்டிமான்’ என்ற பழைய காதல் பாட்டுகளை அனுப்புகிறாள். சோகமாகத் தொடங்கிப் பாதியில் வெளிச்சமாகிவிடுகின்றன. இதில் கணக்கு உண்டா? கீபோர்டில் வாசித்தால் எனக்கு எடுபடவில்லை.
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: உண்டு, சின்னக் கணக்குதான். பெரும்பாலான குண்டிமான் மைனரில் (சோகச் சாயலுள்ள ஸ்வர வரிசை) தொடங்கி, பிற்பாதியில் அதே ஆதார ஷட்ஜமத்தில் (‘ஸ’) மேஜருக்கு (வெளிச்சமான வரிசை) மாறும். நம் கர்நாடக இசை வழக்கில், கீரவாணி ராகத்தில் தொடங்கிச் சங்கராபரணத்தில் முடிவது மாதிரி. காந்தாரமும் (‘க’) தைவதமும் (‘த’) மட்டும் அரை ஸ்வரம் ஏறும். மற்ற ஐந்தும் அப்படியே. ‘ஏ’யை ஷட்ஜமாக வைத்தால் காந்தாரம் 261.6 ஹெர்ட்ஸிலிருந்து 277.2-க்குப் போகும். 6 சதவீதம்கூட இல்லை! ஆனால் ஏக்கம் நம்பிக்கையாவது அங்கேதான்.

அனேகமாக நீங்கள் ஏ மைனரிலிருந்து சி மேஜருக்குப் போகிறீர்கள். இரண்டுமே வெள்ளைக் கட்டைகள் என்பதால் கை தானாக அங்கே நகரும். அப்போது ஷட்ஜமமே இடம் மாறி, வேறு யாரோ பாடுவதுபோல் ஆகிவிடும். போக வேண்டியது ஏ மேஜருக்கு. அதற்கு முன் இ7 கார்டில் (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டு) நில்லுங்கள்: அதிலுள்ள ப, நி, ரி, ம நான்கும் இரண்டு ராகங்களுக்கும் பொது. அந்த இடத்தில் அழகுக்காகக்கூடக் காந்தாரத்தையோ தைவதத்தையோ தொடாதீர்கள். தொட்டால் மாற்றம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தாளம் 3/4, அதாவது ஆவர்த்தத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) மூன்று தட்டு. கீபோர்டின் தானியங்கி வால்ட்ஸை (மூன்று தட்டுத் தாளம்) அணைத்துவிடுங்கள். வரி முடிவில் பாடுபவர் குரலை இழுப்பார், இயந்திரம் காத்திருக்காது.

கேள்வி: பாட்டு வரிக்கும் அளவு உண்டா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழி மரபுக் கவிதையில் வரிக்கு 12 அசை பரவலான அளவு, 6-இல் ஒரு நிறுத்தம். நான்கு வரிக்கும் ஒரே இயைபு (வரி முடிவில் ஒத்த ஒலி). அங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. ‘தர்மபுரி’ நமக்கு நேர்-நிரை-நேர், மூன்று. அவர்கள் எண்ணினால் நான்கு. அசைக்கு ஒரு தட்டு என்றால் வரிக்கு 4 ஆவர்த்தம், நான்கு வரிக்கு 16. பாட்டில் 6-ஆவது, 12-ஆவது அசைகளை நீட்டுவதால் இது கூடும். அங்கே அவசரப்பட்டால் உருக்கம் போய்விடும்.

கேள்வி: குண்டிமான் காதலுக்கு மட்டுமா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: இல்லை. இசையமைப்பாளர்கள் பிரான்சிஸ்கோ சாந்தியாகோவும் (1889–1947) நிக்கனோர் அபெலார்தோவும் (1893–1934) அதைக் கச்சேரி மேடைக்குரிய வடிவமாக்கினார்கள். காதலியின் இடத்தில் நாட்டை வைத்துப் பாடிய குண்டிமானும் உண்டு. அப்படி ஒன்றான ‘பாயான் கோ’, பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸின் ஆட்சிக்கு எதிராக 1986-இல் மணிலா வீதிகளில் ஒலித்தது.