வாசகர் கேள்வி – பதில்: எல்லாரும் ஓடுகிற போட்டி

கே: நியூயோர்க்கில் இருக்கும் அண்ணாவின் மகன் அங்கே அரச பாடசாலைகளுக்கான லீக்கில் கிரிக்கெட் ஆடுகிறானாம். அமெரிக்காவில் பாடசாலைக் கிரிக்கெட்டா? அந்த லீக் எப்படித் தொடங்கியது?
– வாசகி, வெள்ளவத்தை

ப: கிரிக்கெட் அங்கே 2008இல்தான் சேர்ந்தது. கரீபியன் தீவுகளிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பெருகியதால் வந்த மாற்றம் அது. லீக் அதைவிடப் பல காலம் பழையது. 'பப்ளிக் ஸ்கூல்ஸ் அத்லெட்டிக் லீக்' என்ற பெயரில் 1903இல் தொடங்கியது. நகரப் பாடசாலைகளின் உடற்கல்விக்குப் பொறுப்பாக இருந்த லூதர் கியூலிக், கல்விச் சபையைச் சேர்ந்த ஜெனரல் ஜோர்ஜ் விங்கேட், மெய்வல்லுநர் சங்கத்து ஜேம்ஸ் சலிவன் ஆகியோர் முன்னின்று நடத்தினார்கள். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் உள்ளரங்கில் ஆட ஒரு புது விளையாட்டு வேண்டும் என்று கேட்டு, கூடைப்பந்து பிறக்க வழிவகுத்தவரும் இதே கியூலிக்தான். முதல் போட்டி 1903 டிசம்பர் 26இல் மடிசன் ஸ்குவெயார் கார்டனில் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் பங்குபற்றினார்கள்.

பணம் பெரும்பாலும் தனியார் நன்கொடையாக வந்தது. படிப்பும் நடத்தையும் திருப்தியாக இருக்கின்றன என்று அதிபர் உறுதிப்படுத்தினால்தான் மாணவன் போட்டியில் இறங்கலாம். 1905இல் பெண்கள் கிளை தொடங்கினார்கள். ஆனால் பாடசாலைகளுக்கிடையே பெண்கள் போட்டியிடக் கூடாது என்று தடுத்து, நாட்டார் நடனத்துக்கே முதலிடம் கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பாதுகாக்கிறோம் என்று நம்பித்தான் செய்தார்கள். ஆனாலும் ஓடக்கூடிய எத்தனையோ பிள்ளைகளின் காலை அது கட்டிப்போட்டது.

கே: கொழும்பில் அதற்கு முன்பே பாடசாலைப் போட்டிகள் இருந்தனவே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

ப: இருந்தன. றோயல் – சென் தோமஸ் கிரிக்கெட் 1879இல் தொடங்கியது. றோயல் அப்போது கொழும்பு அக்கடமி. முதல் ஆண்டில் ஆசிரியர்களும் சேர்ந்து ஆடினார்கள். 1880இலிருந்து மாணவர்கள் மட்டும். ஆனால் அது இரண்டு பாடசாலைகளுக்கு இடையிலான ஆட்டம். நகரத்தின் எல்லா அரச பாடசாலைகளையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்ததுதான் நியூயோர்க்கின் புதுமை. இன்று நமக்குள்ள கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்ற படிகளும் எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவானவைதான். ஆனால் படி ஏற ஏறப் பிள்ளைகளின் தொகை குறைகிறது. மற்றவர்கள் கூடாரத்தில் இருந்து கைதட்டுகிறார்கள். அதனால் கீழே நான்காவது கேள்வியைத் தவறாமல் வாசியுங்கள்.

கே: எங்கள் மைதானத்தில் 200 மீட்டர் ஓடுபாதைதான் போடலாம். அதில் எடுக்கும் நேரம் பெரிய மைதானத்து நேரத்தோடு ஒத்துவருவதே இல்லை. ஏன்?
– உடற்கல்வி ஆசிரியர், கொழும்பு

ப: பெரும்பாலும் 20 சென்ரிமீட்டர் செய்கிற வேலை. விளிம்புக்கட்டை இல்லாமல் சுண்ணாம்புக் கோடு மட்டும் உள்ள ஓடுபாதையில், தூரத்தை உட்கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே அளக்க வேண்டும். நேர்ப்பகுதி தலா 40 மீ., வளைவு தலா 60 மீ. என்று வைத்தால், ஓடும் கோட்டின் ஆரை 19.10 மீ. ஆகவே கோடு கீறும் ஆரை 18.90 மீ. 19.10இலேயே கோட்டைக் கீறிவிட்டால் ஒவ்வொரு சுற்றும் 1.26 மீ. கூடும். 1500 மீட்டரில் ஏழரைச் சுற்று. பிள்ளை ஒன்பது மீட்டருக்கு மேல் சும்மா ஓடுகிறது.

முதலில் 40 மீ. நீளம், 37.80 மீ. அகலத்தில் ஒரு செவ்வகம் அமையுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் 55.03 மீ. வந்தால் மூலைகள் சரி. அகலப் பக்கங்களின் நடுப்புள்ளிகளே வளைவுகளின் மையம். அங்கே இரும்புக் குழாய் இறக்கி, தலையை மண்மட்டத்துக்குக் கீழே விட்டுவிடுங்கள். மழை கோட்டை அழித்தாலும் அடுத்த வருடம் முதலிலிருந்து அளக்கத் தேவையில்லை. நைலோன் கயிற்றால் வளைவு கீற வேண்டாம். இழுக்க இழுக்க நீளும். ஆரையில் 1 செ.மீ. பிழைத்தாலே சுற்றுக்கு 6 செ.மீ. பிழை. உருக்கு அளவுநாடா அல்லது கம்பி பாவியுங்கள்.

அடுத்த பிழை தொடக்கக் கோட்டில். இரண்டாம் சுவட்டுக்கு 7.04 மீ. முன்னே போட வேண்டும் என்ற அட்டவணை, விளிம்புக்கட்டை உள்ள ஓடுபாதைக்கானது. கோடு மட்டும் உள்ள புல்தரையில், சுவட்டு அகலம் 1.22 மீ. என்றால், ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு சுவட்டுக்கும் 7.67 மீ. மைதானம் சிறியதோ பெரியதோ இந்தக் கணக்கு மாறாது. 4×100 அஞ்சல் ஓட்டம் 200 மீட்டர் ஓடுபாதையில் இரண்டு சுற்று. முழுவதும் அவரவர் சுவட்டிலேயே ஓடினால் 15.33 மீ. நான்கு சுவடுகளுக்கு 88 × 48 மீ. இடம் போதும். ஆறு வேண்டுமானால் 93 × 53 மீ.

கே: கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேரே எல்லாப் போட்டியிலும் ஓடுகிறார்கள். மற்றப் பிள்ளைகளை எப்படி இறக்குவது?
– ஆசிரியை, பம்பலப்பிட்டி

ப: கியூலிக்கின் லீக் இதற்கு வைத்திருந்த வழிதான் வகுப்புப் போட்டி. வகுப்பின் சராசரிதான் புள்ளி. வகுப்பில் 80 சதவீதம் பேராவது பங்குபற்ற வேண்டும். உங்கள் வகுப்பில் 38 பேர் என்றால் குறைந்தது 31 பேர். நின்று பாய்தலில் எல்லாருடைய தூரத்தையும் கூட்டி, பாய்ந்தவர்களின் தொகையால் வகுக்க வேண்டும்: 31 பேர் சேர்ந்து 49.60 மீ. பாய்ந்தால் சராசரி 1.60 மீ. இங்கே பலவீனமான பிள்ளை 10 செ.மீ. கூடப் பாய்ந்தாலும் கெட்டிக்காரப் பிள்ளை 10 செ.மீ. கூடப் பாய்ந்தாலும் வகுப்புக்கு ஒரே இலாபம். பலவீனமான பிள்ளைக்கு முன்னேற இடம் கூட இருப்பதால், வகுப்பே அதைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கும்.

ஓட்டத்துக்கு 50 மீ. போதும், முடிவுக்கோட்டுக்கு அப்பால் 15 மீட்டராவது வெறுமையாக விடுங்கள். ஒரு பிள்ளை கோட்டைத் தாண்டியதும் அங்கே நிற்பவர் கொடியை இறக்க, அடுத்த பிள்ளை புறப்பட வேண்டும். முதல் பிள்ளை புறப்பட்டதிலிருந்து கடைசிப் பிள்ளை முடிக்கும் வரையான மொத்த நேரத்தைத் தொகையால் வகுக்கவும். 31 பேருக்கு ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். கொடி இறங்க முன் புறப்பட்டால் திரும்பி வந்து கோட்டைத் தொட்டு ஓட வேண்டும். நேரமானியை நிறுத்தக் கூடாது. எல்லா வகுப்புக்கும் கொடி பிடிப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். கை மாறினால் நேரமும் மாறும்.

நின்று பாய்தலில் அளப்பது காற்பெருவிரலை வைத்து அல்ல. பாய்தல் கோட்டுக்கு மிகக் கிட்டப் பதிந்த அடையாளத்தை வைத்து. பின்பக்கம் கை ஊன்றினால் கை பட்ட இடம்தான் கணக்கு. இதை முதல் பிள்ளை பாய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.