கார்பெட் ஒட்டிய கார் சப்-ஊஃபர் பெட்டியில் காற்று கசியாமல் அடைப்பது எப்படி?

கேள்வியில் சொல்லியிருப்பது 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையில் செய்த மூடிய பெட்டி, 12 அங்குல ஊஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்). கார்பெட்டின் மேலேயே ஊஃபரை வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறார்கள். பேஸ் அடிக்கும்போது ஓரத்தில் ‘புஸ் புஸ்’ என்று சத்தம் வருகிறது. ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். ஆகாது, பெரும்பாலும் கூடுதலாகக் கெடும்.

கார் பெட்டிக்கு ஒட்டும் கார்பெட் என்பது நெய்யாத பாலியஸ்டர் இழை. அழுத்திப் பார்த்தால் தட்டையாகி அடைத்துக்கொள்வது போலத் தெரியும். ஆனால் காற்று பக்கவாட்டில், இழைகளுக்கு நடுவே ஓடித்தான் வெளியே வருகிறது. ஸ்க்ரூ இருக்கும் எட்டு இடத்திலும் கார்பெட் நன்றாக நசுங்கும். இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில் தளர்ந்தே இருக்கும். மேலும் மேலும் இறுக்கினால் ஊஃபரின் தகட்டுப் பிரேம் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் உள்வாங்கி நடுவில் வில் போல எழும்பும், இடைவெளி பெரிதாகும். போதாக்குறைக்கு, பல கடைகளில் ஊஃபர் ஓட்டையின் மேல் கார்பெட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்து, அந்த நாக்குகளை உள்ளே மடித்து ஸ்டேப்ளர் அடித்துவிடுவார்கள். ஒவ்வொரு மடிப்பும் தனியாக ஒரு காற்று வழி.

எனவே ஊஃபர் உட்காரும் வளையத்தில் கார்பெட்டே இருக்கக் கூடாது. ஊஃபரை அதன் இடத்தில் வைத்து வெளி விளிம்பைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஊஃபரை எடுத்துவிட்டு, கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே புது கட்டர் பிளேடால் வெட்டுங்கள். பழைய பிளேடு இழையை இழுத்துப் பிய்க்கும். கோட்டை விட்டு வெளியே போனால் வெறும் மரம் கண்ணுக்குத் தெரியும். ரொம்ப உள்ளே வெட்டினால் கார்பெட் விளிம்புக்கு அடியில் மாட்டி ஊஃபரைத் தூக்கிப் பிடிக்கும். உள்ளே மடித்த நாக்குகளையும் ஸ்டேப்ளர் பின்களையும் சேர்த்தே பிடுங்கிவிடுங்கள். அடியில் இருக்கும் ரப்பர் பசையை ஹாட் ஏர் கன் காட்டி இளக்கி, பட்டி பிளேடால் சுரண்டி, 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். தின்னர் ஊற்ற வேண்டாம், சுற்றியுள்ள கார்பெட்டும் கழன்று வரும்.

ஓட்டையின் வெட்டு முகத்தைத் தொட்டுப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். எம்.டி.எஃப்.பின் மேல்முகம் அடர்த்தி, நடுப்பகுதி நுண்துளை நிறைந்தது, அதையும் அடைக்க வேண்டும். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து வெட்டு முகத்திலும் வெளிப்பட்ட வளையத்திலும் இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். ஒரு கை பூசியதும் மேலெழும் நாரை 120 உப்புத்தாளால் லேசாகத் தட்டிவிட்டு அடுத்ததைப் பூசலாம்.

அடுத்தது கேஸ்கெட், அதாவது ஊஃபருக்கும் மரத்துக்கும் நடுவில் நசுங்கிக் காற்றை அடைக்கும் வளையம். பலர் ஏமாறும் இடம் இது. ஊஃபரின் முன்முகத்தில் ஒரு ரப்பர் வளையம் இருப்பதைப் பார்த்து ‘கேஸ்கெட்தான் இருக்கிறதே’ என்று விட்டுவிடுவார்கள். அது அழகுக்கானது, அல்லது பலகைக்குப் பின்னாலிருந்து மாட்டினால் பயன்படும். நமக்கு வேண்டியது பிரேமின் பின்பக்கம், பெட்டியைத் தொடும் முகத்தில். மூடிய துளை நுரைதான் வாங்க வேண்டும்: 3 மி.மீ. தடிமன் ஈ.வி.ஏ. அல்லது நியோப்ரீன். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழியுங்கள். தண்ணீர் குடித்தால் அது பஞ்சு. கார்பெட்டுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. கதவு, ஜன்னல் இடுக்கில் ஒட்டும் மலிவான நுரை டேப்பில் பாதி இந்த ரகம்.

12 அங்குல ஊஃபரில் பிரேமின் வெளி விட்டம் ஏறத்தாழ 315 மி.மீ., ஓட்டை 280 மி.மீ. வரும் (உங்கள் மாடலின் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்). மரத்தின் மேல் உட்காரும் அகலம் 17 மி.மீ. சொச்சம்தான், ஸ்க்ரூ துளைகள் அதன் நடுவில் வரும். கேஸ்கெட் அந்தத் துளைகளுக்கு உட்புறமாக ஓட வேண்டும், இல்லையென்றால் ஸ்க்ரூ துளை வழியாகவே காற்று வரும். 6 மி.மீ. அகல டேப் அந்த இடத்தில் சுருக்கமில்லாமல் வளையும். ஒரு மீட்டர் போதும். அகலமான டேப் வட்டத்தில் வளையாமல் உள்விளிம்பில் சுருங்கும். முழு அகலத்துக்கும் வேண்டுமென்றால் 4 மி.மீ. யோகா பாயிலிருந்து ஒரே வளையமாக வெட்டி, ஸ்க்ரூ வரும் இடத்தில் துளை போடுங்கள். என் ஓட்டு இதற்குத்தான், ஒட்டுப் போட்ட இடமே இருக்காது. டேப் என்றால் இரு முனைகளையும் சாய்வாக வெட்டி முட்ட ஒட்டுங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாதீர்கள்.

சிலிக்கான் பூசி ஊஃபரை ஒட்டிவிடலாமே என்பார்கள். அடுத்த முறை கழற்றும்போது பிரேமோடு மரமும் பெயர்ந்து வரும். அதைவிட முக்கியம், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். மூடிய பெட்டிக்குள் அது தேங்கி, கோனுக்கு (ஊஃபரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) போகும் செம்புப் பின்னல் கம்பியையும் டெர்மினலையும் அரிக்கும். பெட்டிக்கு ‘நியூட்ரல்’ என்று அச்சிட்ட சிலிக்கானோ அக்ரிலிக் சீலன்டோ மட்டும்.

அந்த சீலன்டுக்கு வேலை உள்மூலைகளில் இருக்கிறது. கார்பெட் ஒட்டியாகிவிட்டதால் வெளியிலிருந்து பலகை இணைப்புகளைத் தொட முடியாது. ஊஃபர் ஓட்டை வழியாகக் கை போகும், அது போதும். உள்ளே பஞ்சு இருந்தால் முதலில் எடுத்துவிட்டு, தூசியைத் துடைத்து, எல்லா மூலைக் கோடுகளிலும் 6 மி.மீ. கனத்துக்கு ஓட்டி விரலால் இழுத்துவிடுங்கள். உள்ளளவு 40×35×25 செ.மீ. உள்ள 35 லிட்டர் பெட்டியில் பன்னிரண்டு மூலைக் கோடுகளும் சேர்ந்து 4 மீட்டர்தான், 280 மி.லி. குழாயில் பாதிகூடச் செலவாகாது. இரண்டு நாள் திறந்தே வைத்துக் காயவிடுங்கள். ஹாட் குளூ வேண்டாம், வெயிலில் நிற்கும் காரின் டிக்கிச் சூட்டில் இளகி விட்டுவிடும்.

பின்னால் ஆம்ப்ளிஃபயர் கம்பியை மாட்டும் டெர்மினல் கப்பும் இதே கார்பெட் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அங்கேயும் வெட்டி, மரத்தில் உட்கார வைத்து, கேஸ்கெட் போடுங்கள். மலிவான கப்பில் உலோகக் கம்பம் பிளாஸ்டிக்கைத் துளைத்து வரும் இடத்திலேயே காற்று போகும். உள்பக்கம் எபாக்ஸி ஒரு சொட்டு வைத்தால் தீர்ந்தது.

திரும்ப மாட்டும்போது பழைய துளைகளில் ஸ்க்ரூ பிடிக்காது, எம்.டி.எஃப். மாவாகியிருக்கும். எட்டுத் துளை ஊஃபரை 22.5 டிகிரி திருப்பி வைத்தால் எல்லாத் துளைகளும் புது இடத்தில் வரும். பழைய துளைகளில் குச்சியும் ஃபெவிகாலும் அடித்து மூடிவிட்டு, புதுத் துளைகளை 3 மி.மீ. பிட்டால் போடுங்கள். அடிக்கடி கழற்றுபவர் என்றால் எம்5 டி-நட்டும் (பலகையின் பின்பக்கம் முள்ளோடு பதியும் நட்) 30 மி.மீ. போல்ட்டும் நல்லது. ஆனால் டி-நட்டைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், ஓட்டை விளிம்புக்கு மிக அருகில் இருப்பதால் பலகை பிளக்கும். முன்பக்கத்திலிருந்து போல்ட்டை முடுக்கி மெல்ல இழுத்து உட்கார வையுங்கள். எதிரெதிர் ஸ்க்ரூவாக, மூன்று சுற்றில், கை ஸ்க்ரூடிரைவரால் முடுக்குங்கள். 3 மி.மீ. நுரை பாதியாக நசுங்கினால் போதும்.

இனி சோதனை. ‘கோனை அழுத்தி விட்டால் மெதுவாகத் திரும்ப வேண்டும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. காற்றே போகாத பெட்டியிலும் கோன் சட்டென்று திரும்பும், பெரிய ஓட்டை உள்ள பெட்டியிலும் சட்டென்று திரும்பும். பார்க்க வேண்டியது விறைப்பை. ஆம்ப்ளிஃபயர் கம்பியைக் கழற்றிவிட்டு, விரல்களை விரித்துக் கோனைச் சுற்றிச் சமமாக 5 மி.மீ. அழுத்திப் பிடியுங்கள். ஊஃபரை வெளியே வைத்து அழுத்தியதைவிடத் தெளிவாக விறைப்பாக இருக்க வேண்டும். பிடித்திருக்கும்போது அந்த விறைப்பு ஒன்றிரண்டு நொடியில் மெல்லத் தளர்ந்து, விட்டதும் கோன் தயங்கித் திரும்பினால் சின்னக் கசிவு இருக்கிறது. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். 30 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. அதற்குள் அந்த ஊசித்துளை வழியே ஒன்றும் போய்விடாது. அழுத்தும்போதே விறைப்பு இல்லை என்றால்தான் வேலை பாக்கி. போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டியில் இந்தச் சோதனை செல்லாது.

கசிவு எங்கே என்று தேட, பெட்டியை டிக்கியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். நம்பர் பிளேட் ஆடும் சத்தத்தைக் கசிவு என்று நினைத்துப் பெட்டியைப் பிரித்தவர்கள் நிறைய. 30 ஹெர்ட்ஸ் டோனைக் கோன் சில மி.மீ. ஆடும் அளவுக்கு மட்டும் ஓடவிட்டு, ஊதுபத்தியை ஓரமாகக் கொண்டுபோங்கள், நெருப்பு கார்பெட்டில் படாமல். கசியும் இடத்தில் புகை துடிக்கும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபில் ஒரு மீட்டர் வெட்டி, ஒரு முனையைக் காதோரம் வைத்து மறுமுனையை விளிம்பைச் சுற்றி நகர்த்துங்கள். சந்தேகப்பட்ட இடத்தை விரலால் அழுத்தும்போது சத்தம் மாறினால் அதுதான். மாறாமல் ஊஃபரின் நடுவிலிருந்தே வந்தால், டஸ்ட் கேப் (கோனின் நடுவில் இருக்கும் மூடி) காற்று விடும் துணி ரகமா என்று பாருங்கள். அப்படியென்றால் அது ஊஃபரின் அமைப்பு, கேஸ்கெட்டால் தீராது.

நுரை ஒரு வாரத்தில் கொஞ்சம் அமுங்கும். அப்போது எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு முறை கால் சுற்று பார்த்துக்கொள்ளுங்கள்.