இரும்பு பம்பரும் மறுக்கப்பட்ட வாரண்டியும்

வாசகரின் பிரச்சினை இது. நான்கு சக்கர இயக்கமுள்ள தமது வாகனத்தின் பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய இரும்பு பம்பரையும் வின்ச்சையும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவட இயந்திரம்) பொருத்தியிருக்கிறார். அதனால் கூடிய எடை 90 கிலோ. 14 மாதங்களில் முன்பக்க ஸ்பிரிங்குகள் தாழ்ந்துவிட்டன. முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டிலும், பின்பக்கத்தில் ஒன்றிலும் எண்ணெய் கசிகிறது. பம்பரைக் காரணம் காட்டி சர்வீஸ் மையம் எல்லாவற்றுக்கும் வாரண்டி தர மறுத்துவிட்டது. வழக்குத் தொடரலாமா என்று கேட்கிறார்.

உங்கள் கடிதத்தில் எழுதியுள்ளபடி சர்வீஸ் மேலாளர் மரியாதைக் குறைவாகப் பேசியதும், அதே பம்பரைப் பொருத்திய நண்பர்களின் வண்டிகள் நன்றாக ஓடுவதும் வழக்குக்கு உதவா. விற்பனைப் பிரதிநிதியே அந்தப் பம்பரைப் பரிந்துரைத்தார் என்பது எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ இருந்தால் பயன்படும். வாய்ப்பேச்சாக இருந்தால் பயன்படாது. கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்ட அந்தப் பின்பக்க ஷாக் அப்சார்பர்தான் உங்கள் வழக்கு.

காரணத்தைச் சொல்கிறேன். பம்பர் முன் ஆக்ஸிலுக்கும் (சக்கர அச்சு) முன்னால் தொங்குகிற எடை. இரண்டு ஆக்ஸில்களுக்கும் இடையே 2.4 மீட்டர் இருந்து, பம்பரின் எடை முன் ஆக்ஸிலுக்கு 0.8 மீட்டர் முன்னால் அமைந்தால், கூடுதலான 90 கிலோ முன் ஆக்ஸிலில் 120 கிலோவாக இறங்கும். பின் ஆக்ஸிலிலிருந்து 30 கிலோ குறையும். முன்பக்க ஸ்பிரிங் எப்போதும் அமுங்கியே நிற்பதால் மேல்நோக்கிய அசைவுக்கான இடம் சுருங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் அது தடுப்பு ரப்பரில் இடிக்கிறது. அந்த மிகையான சுமையை ஷாக் அப்சார்பரும் தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே முன்பக்கச் சேதத்துக்கு நிறுவனம் சொல்லும் காரணத்தை உடைப்பது மிகவும் கடினம். ஆனால் சுமை குறைந்த பின்பக்கத்தில் ஏற்பட்ட கசிவுக்குப் பம்பரின் எடையைக் காரணமாகக் காட்ட முடியாது. அப்போது கரடுமுரடான பாதையில் ஓட்டியதைக் காரணமாகச் சொல்வார்கள். அந்தப் பயன்பாட்டுக்கென்றே விற்கப்பட்ட வாகனம் என்பதற்கு அவர்களுடைய விளம்பரமும் கையேடுமே உங்களுக்குச் சான்று.

என்னிடம் வருபவர்கள் சிக்கிக்கொள்வது சட்டத்தில் அல்ல, வழக்குக்கு முந்தைய சில வாரங்களில். முதலாவதாக, வண்டியை எடுத்துக்கொள்ளும் அவசரத்தில், 'வெளிப்பொருத்தத்தால் ஏற்பட்ட சேதம்' என்று எழுதிய ஜாப் கார்டில் (சர்வீஸ் மையத்தின் பழுதுவேலைப் படிவம்) கையெழுத்திட்டுவிடுகிறார்கள். நான்கு ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்து எழுதிய அந்த ஒரு வரி, பின்பக்கக் கோரிக்கையையும் அழித்துவிடும். நீங்கள் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், அதை ஏற்கவில்லை என்று இன்றே மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். இரண்டாவதாக, பழைய பம்பரை மீண்டும் மாட்டி, 'நான் எதையும் மாற்றவில்லை' என்று மனு எழுதுகிறார்கள். இதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். சர்வீஸ் மையத்தில் எடுத்த ஒரு புகைப்படம் தாக்கலானால் உங்கள் உண்மையான கோரிக்கையையும் எவரும் நம்ப மாட்டார்கள். மூன்றாவதாக, காத்திருக்கப் பொறுமையின்றிச் சொந்தச் செலவில் பாகங்களை மாற்றிவிட்டு, பழையவற்றை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 38ஆம் பிரிவின்படி பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப, புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்புவதற்குப் பொருள் இருக்க வேண்டும். குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதால், கழற்றிய பாகங்களை அடையாளமிட்டு எழுத்து மூலம் கேட்டு வாங்கி வையுங்கள். கடினமான ஸ்பிரிங்குகளை இப்போது வெளியில் வாங்கிப் பொருத்துவதும் தவறு. அது எதிர்த்தரப்புக்கு இன்னொரு மாற்றத்தைக் கையில் கொடுப்பதாகும்.

எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு ரசீதும், பின் சக்கரங்களுக்குத் தனியாக ஒரு ரசீதும், வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் எரிபொருளோடும் எடுத்துக்கொள்ளுங்கள். முன் ஆக்ஸிலுக்கு நிறுவனம் குறித்துள்ள உச்ச எடையை அது தாண்டியிருந்தால் முன்பக்கக் கோரிக்கையைக் கைவிடுவதே நல்லது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இத்தகைய முன்பக்க இரும்புத் தடுப்புகள் வாகனத்தில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானவை என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. முன்பக்கத்துக்காக வழக்காடினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

எனவே சமரசம் செய்துகொள்ளுங்கள் என்றே சொல்வேன். பின்பக்க ஷாக் அப்சார்பரை வாரண்டியில் மாற்றித் தர வேண்டும், முன்பக்கச் செலவை நீங்களே ஏற்கிறீர்கள் என்று எழுதுங்கள். முன்பக்கக் கூலியில் ஏதேனும் குறைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பேச்சு நீளும்போது காலக்கெடு நிற்காது: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாக வேண்டும், மின்னஞ்சல்கள் அதை நீட்டிக்காது. அவர்கள் அனுப்பும் ஒப்பந்தத்தில் 'இவ்வாகனம் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்று இருந்தால் கையெழுத்திடாதீர்கள். இந்த ஷாக் அப்சார்பர் தொடர்பான கோரிக்கை மட்டும் தீர்ந்தது என்று திருத்தச் சொல்லுங்கள். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் மீதமுள்ள வாரண்டி அந்தத் திருத்தத்தைப் பொறுத்தே இருக்கிறது.