பல் சிகிச்சையில் தொற்று: துடைத்தால் போதுமா?

கேள்வி: ஒருவருக்குப் பயன்படுத்திய பல் மருத்துவக் கருவிகளை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனுடன் இருக்கும் என்பதால், பளபளப்பாகத் தெரிகிற கருவியைச் சுத்தமானது என்று நம்பிவிட முடியாது. ஒட்டியிருக்கும் இரத்தத்தையும் எச்சிலையும் முதலில் நன்றாகக் கழுவி நீக்கி, பிறகு உறையிலிட்டு, ஆட்டோகிளேவ் என்ற இயந்திரத்தில் அழுத்த நீராவியால், சாதாரண வகை இயந்திரமானால் 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், கிருமிநீக்கம் செய்ய வேண்டும். கழுவாமல் வைத்தால் படிந்த அழுக்கே கிருமிக்குக் கவசமாகிவிடும்.

பலர் கவனிக்கத் தவறுவது, பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸை. அது சுழன்று நிற்கும் கணத்தில் வாயிலுள்ள எச்சிலையும் இரத்தத்தையும் தன்னுள் இழுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே வெளிப்புறத்தை மட்டும் துடைப்பதால் பயனில்லை, ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் அதையும் ஆட்டோகிளேவில் வைத்தாக வேண்டும். ஹேண்ட்பீஸுக்குத் தண்ணீர் தரும் மெல்லிய குழாய்களிலும் நுண்ணுயிர்ப் படலம் படியும். அவற்றுக்கும் முறையான கிருமிநாசினிப் பராமரிப்பு தேவை.

கையுறையும் ஊசியும் ஒருவருக்கு ஒருமுறைதான். கருவி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதிலுள்ள குறியீடு நிறம் மாறியிருக்க வேண்டும். அந்த நிறமாற்றம் வெப்பம் பட்டதை மட்டுமே காட்டும். கிருமி அழிந்ததா என்பதை அறிய, வெப்பத்தை எளிதில் தாங்கும் நுண்ணுயிர் வித்துகளை ஆட்டோகிளேவில் வைத்து, அவை அழிகின்றனவா என்று பார்க்கும் ஸ்போர் சோதனையை மருத்துவமனை வாரந்தோறும் செய்வது அவசியம். இதைக் கேட்கத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.