டிஎஸ்எல்ஆர் கேமராவில் லைவ் வியூ: பார்க்கத் தெரியாதவர்களுக்கான வசதியா?

"டிஎஸ்எல்ஆர் கேமராவில் லைவ் வியூ உண்மையிலேயே பயன்படுமா, அல்லது வியூஃபைண்டரில் பார்க்கத் தெரியாதவர்களுக்காக வைத்த வசதியா? எனக்குக் கற்றுத்தருபவர்கள் அதைத் தொடவே கூடாது என்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். வியூஃபைண்டர் என்பது கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் சாளரம்; லைவ் வியூ என்பது அதற்குப் பதிலாகக் கேமராவின் பின்புறத் திரையில் காட்சியை நேரடியாகப் பார்ப்பது. ஏறக்குறைய இதே சொற்களை நானும் கேட்டு, அவற்றை நம்பி, இரண்டு ஆண்டுகள் அந்தப் பொத்தானைத் தொடாமலே இருந்தவன் என்பதால் என் பதில் சற்று நீளும்.

உங்களிடம் இருப்பது கேமராவுடன் வந்த ஜூம் லென்ஸும், முகங்களை எடுப்பதற்கென்று பிறகு வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் என்று எடுத்துக்கொள்கிறேன். தொடங்குபவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது அதுதான். அப்படியானால், சில படங்கள் ஏன் தெளிவாக வரவில்லை என்று கேட்டபோதெல்லாம் "கை ஆடியிருக்கும்" என்ற ஒரே பதில் உங்களுக்கும் கிடைத்திருக்கக்கூடும். எனக்கு அதுதான் கிடைத்தது.

என் அப்பா கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். மேசை விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, வலக்கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகி, திறந்து கிடக்கும் கடிகாரத்தின்மேல் அவர் குனிந்திருக்கும் காட்சியைத்தான் நான் கேமரா வாங்கிய நாள்முதல் எடுக்க விரும்பினேன். பல மாலைகளில் எடுத்தேன். ஏறக்குறைய ஒரு மீட்டர் தொலைவில் நின்று, லென்ஸின் துளையான அபர்ச்சரை முழுவதுமாக, எஃப் 1.8இல் திறந்து, நடு ஃபோகஸ் புள்ளியை அவருடைய இடக்கண் இமையில் வைத்து எடுப்பேன். கணினியில் பெரிதாக்கினால் கண் மட்டும் பஞ்சுக்குள் இருப்பது போல் மங்கியிருக்கும். மூத்தவர்களிடம் காட்டினேன். கை ஆடுகிறது, மூச்சைப் பிடித்து எடு, ஷட்டர் வேகத்தைக் கூட்டு என்றார்கள். கூட்டினேன், 1/500 நொடியிலும் கண் மங்கலாகவே வந்தது.

அந்தப் படங்களிலேயே விடை இருந்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். கண்ணிலிருந்து சற்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உருப்பெருக்கியின் கறுப்பு விளிம்பில், ஆண்டுக்கணக்கில் மேசையில் உரசி ஏற்பட்ட கீறல்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அத்தனை துல்லியமாக அவை பதிந்திருந்தன. கை ஆடியிருந்தால் விளிம்பும் அல்லவா கலைந்திருக்க வேண்டும்? கேமரா நான் சொன்ன இடத்தில் ஃபோகஸ் செய்யாமல் ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்னால் செய்திருக்கிறது. இதைச் சரிபார்க்க என்னிடம் இருந்த ஒரே வழி லைவ் வியூ. அதைத்தான் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் கேமராவை முக்காலியில் பொருத்தி, ஒரு செய்தித்தாளை மேசைமேல் சரிவாகச் சாய்த்து நிறுத்தி, நடுவில் ஒரு வரியை மட்டும் தடித்த பேனாவால் அடிக்கோடிட்டேன். வியூஃபைண்டர் வழியாக அந்தக் கோட்டில் தானியங்கி ஃபோகஸ் செய்து ஒரு படம். பிறகு லைவ் வியூவைப் போட்டு, திரையில் அந்தக் கோட்டைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பி இன்னொரு படம். இப்படியே, ஒவ்வொரு முறையும் ஃபோகஸை முழுவதும் கலைத்துவிட்டு, பத்து முறை செய்தேன். லைவ் வியூவில் எடுத்த பத்திலும் கோடு கூர்மையாக இருந்தது. வியூஃபைண்டரில் எடுத்தவற்றில் ஒன்பதில், கோட்டுக்கு மூன்று வரி முன்னால் இருந்த எழுத்துகள்தான் கூர்மையாக இருந்தன.

காரணம் எளிது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் ஒளியைச் சாய்ந்த கண்ணாடி மேலே வியூஃபைண்டருக்குத் திருப்புகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதியை ஊடுருவும் ஒரு பங்கு ஒளி, பின்னால் உள்ள சிறு துணைக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடிப்பகுதியில் உள்ள ஃபோகஸ் உணரிக்குப் போகிறது. படம் பதிவாகும் சென்சாருக்கு அப்போது ஒளியே போவதில்லை. ஆகவே லென்ஸிலிருந்து ஃபோகஸ் உணரிக்கான தூரமும் படச் சென்சாருக்கான தூரமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால், உணரி "சரி" என்று சொல்லும் இடம் சென்சாருக்குச் சரியாக இராது. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து ஒரு மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 3 செ.மீ. அங்கே சிறு பிசகும் மூக்கில் கூர்மை, கண்ணில் மங்கல் என்று வெளிப்பட்டுவிடும். துளையைச் சுருக்கி எஃப் 8இல் எடுப்பவருக்குத் தெளிவின் ஆழம் கூடுதல் என்பதால், அவர் வாழ்நாள் முழுவதும் இதை அறியாமலே இருக்கலாம்.

வியூஃபைண்டரில் கூர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். தெரிந்திராது. இன்றைய டிஎஸ்எல்ஆர்களில், வியூஃபைண்டருக்கான பிம்பம் விழும் ஃபோகஸ் திரைகள் வெளிச்சமாகத் தெரிவதற்காக வடிவமைக்கப்பட்டவை. பெரும்பாலானவை, எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினாலும், ஏறத்தாழ எஃப் 2.8க்கு உரிய மங்கலைத்தான் கண்ணுக்குக் காட்டுகின்றன. லைவ் வியூவில் கண்ணாடி மேலெழுந்துவிடுகிறது. படம் எந்தச் சென்சாரில் பதிவாகுமோ அதே சென்சார் பார்ப்பதைத்தான் திரையில் பார்க்கிறோம். இடையில் இரண்டாவது அளவுகோல் இல்லை. லைவ் வியூவின் மற்ற எல்லாப் பயன்களையும் ஒரு தட்டிலும் இந்த ஒன்றை மறு தட்டிலும் வைத்தால், இந்தத் தட்டுதான் தாழும் என்பது என் தீர்மானமான கருத்து.

இதில் எனக்குள்ள மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பழுது மையத்துக்கு இரண்டு முறை கேமராவையும் லென்ஸையும் அனுப்பினேன். இரண்டு முறையும் "வரையறைக்குள் உள்ளது" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தன. மூன்றாம் முறை, செய்தித்தாள் படங்களை அச்சிட்டு, எந்தப் படம் எந்த முறையில் எடுத்தது என்று பின்புறம் எழுதி நேரில் கொண்டுபோனபோதுதான் ஒருவர் உட்கார்ந்து பார்த்தார்; இரண்டையும் சேர்த்துச் சீர்செய்து கொடுத்தார்கள். சில கேமராக்களில் இந்தப் பிசகை நாமே மெனுவில் திருத்திக்கொள்ளும் நுண்சீரமைப்பு உண்டு. என்னுடையதில் இல்லை. அந்த வசதியை விலை கூடிய கேமராக்களுக்கு மட்டும் ஒதுக்குவது நியாயமன்று என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிசகு விலை பார்த்து வருவதில்லை.

கேமரா சரியாகி வந்தபோது அப்பா கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு தொழிலை விட்டிருந்தார். எனக்காக ஒருநாள் மேசையில் உட்கார்ந்தார், உருப்பெருக்கியையும் செருகிக்கொண்டார். லைவ் வியூவில் பெரிதாக்கி, இமை மயிர் ஒவ்வொன்றும் தெரியும்படி எடுத்தேன். ஆனால் மேசைமேல் திறந்த கடிகாரம் இல்லை, விரல்களிடையே இடுக்கி இல்லை. நான் சட்டமிட்டு மாட்டியிருப்பது பழைய மங்கல் படத்தைத்தான். உங்களுக்குக் கற்றுத்தருபவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு கருவியைத் தொடவே வேண்டாம் என்று சொல்வதற்கு முன் அது எதற்காக இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டும்.

முக்காலியில் கேமரா நிற்கும் வேலைகள் அனைத்திலும் லைவ் வியூதான் என் முதல் தேர்வு. பூச்சிகள், பூக்கள் போன்ற மிக அண்மைப் படங்களில் ஃபோகஸ் புள்ளியை எங்கே வைப்பது என்று தவிக்க வேண்டியதில்லை; பெரிதாக்கிய சதுரத்தை வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். இரவு வானத்தை எடுக்கையில் லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பாமல், ஒளிமிக்க ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகச் சுருங்கும்வரை வளையத்தைத் திருப்பினால் போதும். ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்பு வடிப்பானைப் போட்டபின் வியூஃபைண்டரில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது; பகல் வெளிச்சத்தில் லைவ் வியூ பெரும்பாலும் காட்சியை அதன் ஊடாகவும் காட்டிவிடும். விலை குறைந்த கேமராக்களின் வியூஃபைண்டர் படத்தின் ஏறக்குறைய 95 விழுக்காட்டையே காட்டுவதால் ஓரத்தில் எதிர்பாராத கிளை நுழைந்துவிடும் தொல்லையும் இதில் அநேகமாக இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு எந்நேரமும் லைவ் வியூவிலேயே எடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். நான் அந்தத் தவற்றையும் செய்தேன். அக்காள் மகள் ஓட்டப்பந்தயத்தில் ஓடியபோது, புதிதாகக் கிடைத்த நம்பிக்கையில் கேமராவைக் கைநீட்டிப் பிடித்துத் திரையைப் பார்த்தே எடுத்தேன். கண்ணாடி மேலே இருக்கும்போது கீழே உள்ள ஃபோகஸ் உணரிக்கு ஒளி போகாது. ஆகவே பழைய டிஎஸ்எல்ஆர்கள் சென்சாரில் விழும் பிம்பத்தின் கூர்மையை மட்டும் அளந்து, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, உச்சத்தைக் கடந்த பிறகுதான் அது உச்சம் என்று அறிந்து திரும்பி வரும். அசையாத பொருளுக்கு இது மிகத் துல்லியமானது. ஓடி வருபவளுக்கு உதவாது. லென்ஸ் தேடி முடிப்பதற்குள் அவள் கோட்டைக் கடந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். என்னிடம் மிஞ்சியது தெளிவான ஓடுதளமும் மங்கலான பெண்ணும். ஓட்டம், பறவை, விளையாடும் குழந்தை எல்லாவற்றுக்கும் வியூஃபைண்டர்தான். அந்த அளவில் உங்கள் மூத்தவர்கள் சொல்வது முழு உண்மை. கேமராவை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கையில் இரண்டு கைகளோடு நெற்றியும் ஒரு தாங்கலாகிறது. கைநீட்டிப் பிடித்தால் அந்தத் தாங்கல் போய்விடுகிறது. வெயிலில் திரையே சரியாகத் தெரியாது.

மின்கலத்தையும் கவனியுங்கள். கேனான் 5டி மார்க் 2 கேமராவின் கையேடு, ஒரு முழு மின்னேற்றத்தில் வியூஃபைண்டர் வழியாக ஏறக்குறைய 850 படங்கள், லைவ் வியூவில் ஏறக்குறைய 200 படங்கள் என்று கணக்குத் தருகிறது. சென்சார் தொடர்ந்து இயங்குவதால் சூடாகும்; சூடேறிய சென்சாரில் நீண்ட நேர ஒளிப்பதிவு செய்தால் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் கூடும். விண்மீனில் ஃபோகஸ் செய்து முடித்ததும் லைவ் வியூவை அணைத்து, சில நிமிடங்கள் ஆறவிட்டு எடுங்கள். ஸ்டூடியோ ஃபிளாஷ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: ஃபிளாஷின் ஒளி திரைக்கு முன்கூட்டித் தெரியாது என்பதால், ஒளியளவைத் திரையில் முன்காட்டும் அமைப்பு இயங்கினால் எல்லாம் கறுப்பாகத் தெரியும். அதை அணைத்துவிட்டால் சரியாகும்.

மூத்தவர்களின் வெறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. லென்ஸ் மாற்றத்தக்க டிஎஸ்எல்ஆரில் தொடர்ச்சியான லைவ் வியூவை 2006இல் ஒலிம்பஸ் இ-330 கொண்டுவந்தது. அதற்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் வந்த பல கேமராக்களில், ஃபோகஸ் செய்யக் கண்ணாடி ஒருமுறை கீழிறங்கி மறுபடி மேலெழும், அல்லது மேற்சொன்ன மெதுவான தேடல் நடக்கும். அதைப் பார்த்துக் கைவிட்டவர்கள் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. 2013இல் வந்த கேனான் 70டி ஒவ்வொரு படப்புள்ளியையும் இரண்டாகப் பிரித்து, சென்சாரிலேயே விரைந்து ஃபோகஸ் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. உங்கள் கேமரா அந்த வகையாக இருந்தால் நான் சொன்ன வேகக் குறையில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது.

கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கேமரா வாங்கினால் இத்தனை பேச்சே வேண்டாம் என்று யாரேனும் கீழே எழுதக்கூடும். அது சரிதான், ஆனால் கேட்டவர் கையில் இருப்பது டிஎஸ்எல்ஆர். அந்த 50 மி.மீ. லென்ஸைத் திருப்பிக் கொடுக்கவோ விற்கவோ நினைத்திருந்தால், அதற்கு முன் செய்தித்தாள் சோதனையைச் செய்யுங்கள். நல்ல வெளிச்சம், எஃப் 1.8, அசையாத முக்காலி, விரல் படாமல் எடுக்க இரண்டு நொடி டைமர். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு இரு முறையிலும் பத்துப் பத்துப் படங்கள். இரண்டு வரிசையும் ஒன்றாக இருந்தால் உங்கள் ஆசிரியர்கள் சொல்வதுபோல் கையைக் கவனியுங்கள். வேறுபட்டால் படங்களை அச்சிட்டு, பின்புறம் எழுதி, நேரில் கொண்டுபோங்கள்.