குடியேற்றக் கால அமெரிக்கப் பெண்ணின் பிறந்த வீடும் மண உறவுகளும்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மருமகள் வர்ஜீனியாக்காரி. அவள் வம்சத்தில் 1740 வாக்கில் வாழ்ந்த ஒரு பாட்டிக்கு எலிசபெத் என்ற பெயர் மட்டும்தான் கிடைத்திருக்கிறது. பிறந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது, சார்?

பதில்: கல்யாணப் பதிவை விட்டுவிட்டுப் பத்திரத்தைப் பிடியுங்கள். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, மணமான பெண் தனியாகச் சொத்தை விற்க முடியாது. கணவன் சம்மதமில்லாமல் உயில் எழுதவும் முடியாது. ஆனால் அவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்கலாம். ஆகவே அவன் நிலம் விற்கும்போது, பின்னால் வில்லங்கம் வராமலிருக்க அவளிடமும் விடுதலை எழுதி வாங்குவார்கள். கணவனை அப்பால் அனுப்பிவிட்டு, அவளைத் தனியே விசாரித்துப் பதிவார்கள். கணவன் விற்ற பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, மனைவி பெயர் எப்போது தலைகாட்டுகிறது, எப்போது மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் மனைவியும் எலிசபெத், இரண்டாமவளும் எலிசபெத் என்றிருந்து, இருவரையும் ஒருத்தியாக ஒட்டிவிடுவது சகஜமான கோளாறு.

கணவன் வாங்கியதற்குப் பத்திரமே இல்லாத நிலத்தை இருவரும் சேர்ந்து விற்றிருந்தால் விடவே விடாதீர்கள். அது அவள் வீட்டுச் சீதனமாகவோ பாகமாகவோ வந்திருக்கலாம். அந்த நிலம் அதற்கு முன் யார் கையில் இருந்தது என்று பின்னோக்கிப் போனால், அவர் உயிலில் மகளாக எலிசபெத் மணமான பெயரோடு நிற்க வாய்ப்புண்டு.

கேள்வி: எங்களுடையது நியூ கென்ட் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). அங்கே பதிவேடுகளெல்லாம் எரிந்துவிட்டனவாமே?

பதில்: 1787-ல் ஒருவன் கொளுத்தினான், பிறகு 1865-ல் ரிச்மண்ட் தீயிலும் நிறைய போயிற்று. ஆனால் செயின்ட் பீட்டர்ஸ் பாரிஷின் (தேவாலய வட்டாரம்) பதிவேடு தப்பியது. காலனி அரசு வழங்கிய நில மானியப் பதிவுகள் வர்ஜீனியா நூலகத்தில் இருக்கின்றன. பக்கத்துக் கவுன்ட்டி வழக்குகளையும் புரட்டுங்கள்.

கேள்வி: கல்யாண பாண்டு கிடைத்தது. அதிலுள்ள தேதிதானே கல்யாணத் தேதி?

பதில்: இல்லை. மணத்துக்குச் சட்டத் தடை இல்லை என்பதற்கு மாப்பிள்ளை கொடுக்கும் ஜாமீன் அது. கல்யாணம் பிறகு நடந்திருக்கலாம், நடக்காமலே போயிருக்கலாம். தேதியைவிட ஜாமீன் போட்டவர் பெயர்தான் முக்கியம். பல நேரம் பெண்ணின் அப்பா அல்லது அண்ணன் தம்பி.

கேள்வி: 1731/32 என்று இரண்டு ஆண்டு போட்டிருக்கிறதே?

பதில்: 1752 வரை ஆங்கிலக் காலனிகளில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதற்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி தேதிகளுக்கு இரண்டு ஆண்டையும் எழுதுவார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பதிவேட்டில் 'முதல் மாதம்' என்றால் அப்போது மார்ச். இதைக் கவனிக்காவிட்டால், கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகக் கணக்கு வரும்!

கேள்வி: இரண்டு மூன்று முறை மணந்தவளைத் தொடர்வது எப்படி?

பதில்: இறந்த கணவனின் சொத்துக் கணக்கைப் பாருங்கள். உயில் இல்லாமல் போனால் பெரும்பாலும் விதவையே நிர்வாகி. அவள் மறுமணம் செய்ததும் புதுக் கணவன் பெயர் கணக்கில் நுழையும். மார்த்தா டான்ட்ரிட்ஜ் 1750-ல் டேனியல் பார்க் கஸ்டிஸை மணந்தார். கஸ்டிஸ் 1757-ல் உயிலின்றி இறந்தார். 1759 ஜனவரியில் ஜார்ஜ் வாஷிங்டனோடு மறுமணம். அதன் பிறகு கஸ்டிஸ் சொத்துக் கணக்கு வாஷிங்டன் கைக்கு வந்தது.

பெயர் மாறியே தீரும் என்றும் நம்பாதீர்கள். ஃபிரான்சஸ் கல்பெப்பர் முதலில் சாமுவேல் ஸ்டீஃபன்ஸை, 1670-ல் ஆளுநர் வில்லியம் பெர்க்லியை, பிறகு ஃபிலிப் லட்வெலை மணந்தார். மூன்றாவது கல்யாணத்துக்குப் பிறகும் 'லேடி பெர்க்லி'தான். லட்வெல் என்று மட்டும் தேடுபவருக்குக் கிடைக்கமாட்டார்.

கேள்வி: நியூயார்க் டச்சுக் குடும்பம் என்றால்?

பதில்: கொடுத்து வைத்தவர்கள். டச்சுப் பெண்கள் மணமான பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்; சர்ச் ஞானஸ்நானப் பதிவில் தாய் அந்தப் பெயரிலேயே இருப்பாள். சாட்சிகள் பெரும்பாலும் தாத்தா பாட்டி, மாமா, அத்தைகள். எல்லாக் குழந்தைகளின் சாட்சிகளையும் ஒரே தாளில் எழுதினால் பிறந்த வீடு தானே தெரியும்.

கேள்வி: டிஎன்ஏ உதவுமா?

பதில்: தாய், மகள், பேத்தி என்று இடையறாமல் வந்த வழி இருந்தால் மைட்டோகாண்ட்ரியா (தாய் வழியாக மட்டும் இறங்கும் டிஎன்ஏ) சோதனை உதவும். சகோதரிகள் என்று நீங்கள் நினைக்கும் இருவரின் அப்படிப்பட்ட வாரிசுகளைச் சோதியுங்கள். முடிவு தெளிவாக வேறுபட்டால், ஒரே தாய் என்ற ஊகம் அநேகமாக விழுந்தது. ஒத்துப்போனால், பொதுப் பாட்டி எத்தனை தலைமுறைக்கு முன் என்பதைச் சோதனை சொல்லாது. அதற்கு மறுபடி பத்திரம்தான்.