வசிட்டருக்குப் பக்கத்தில் ஒரு மங்கல் புள்ளி

வணக்கம் சார். காங்கயம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். விண்மீன் கூட்டங்களைச் சொல்லும்போது சப்தரிஷி, அருந்ததி கதையெல்லாம் சொல்லி, பிள்ளைகளைப் படமும் வரைய வைத்தேன். கூட வேலை பார்ப்பவர், "சயின்ஸ் கிளாஸ்ல புராணம் எதுக்குங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டார். நான் செய்தது தப்பா?

அன்புள்ள டீச்சர்,

தப்பில்லைங்க. ஆனால் அவர் கேட்டதிலும் விஷயம் இருக்கிறது. கதையோடு நிறுத்தினால் மறுநாள் "என் ராசிக்கு எப்படி டீச்சர்?" என்று வந்து நிற்பார்கள்.

வசிட்டர் பக்கத்தில் அருந்ததி இருக்கிறாள் என்று சொன்னால்தான் ஒரு பிள்ளை கண்ணைச் சுருக்கி அந்த மங்கல் புள்ளியைத் தேடும். கிரேக்கக் கதையில் வேட்டைக்காரன் ஓரியனைத் தேள் கொட்டிக் கொல்கிறது, வானத்திலோ தேள் கிழக்கே ஏறும்போது ஓரியன் மேற்கே இறங்கிவிடுவான். நம் கணக்கில் தேளில் இருப்பது கேட்டை, ஓரியனில் இருப்பது திருவாதிரை. யாரோ வருஷக்கணக்கில் ராத்திரி விழித்துப் பார்த்ததைத்தான் சண்டைக் கதையாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பாரு ராத்திரி தண்ணி கட்டும்போது கார்த்திகையைப் பார்த்தே மணி சொல்வார், வாட்ச் கட்டியதே இல்லை.

எனக்குச் சந்தேகம் படத்தில்தான். புத்தகத்துக் கோட்டைப் பார்த்து வரையச் சொல்லியிருந்தால் வீண். சப்தரிஷிக்கு வெறும் ஏழு புள்ளி கொடுங்கள். கிரேக்கருக்கு அது கரடி, உங்கள் பிள்ளைக்கு அகப்பையாக இருக்கலாம், ஒருவன் ஜேசிபி என்பான், சரி, இருக்கட்டும்.

அப்புறம் பனியன் கம்பெனிக்குப் போகிற அம்மாக்களிடம் சொன்னால் நூலும் பட்டனும் வந்துவிடும். கரும்பலகையில் ஏழு புள்ளி வையுங்கள். ஒரு பிள்ளை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் இடப்பக்கம்" என்று சொல்லச் சொல்ல, மற்றவர்கள் ஒவ்வொரு பட்டனையும் அதனதன் புள்ளிக்கு நேராகத் தொங்கவிட வேண்டும். ஒரு ஒளியாண்டுக்கு, அதாவது ஒளி ஒரு வருஷத்தில் போகும் தூரத்துக்கு, ஒரு சென்டிமீட்டர். நடு ஐந்தும் கண்ணிலிருந்து சுமார் 80 சென்டிமீட்டரில், கைப்பிடி நுனியில் இருக்கும் மரீசி 104-ல், எதிர்முனைக் கிரது 123-ல். அந்தப் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அகப்பை, ரெண்டடி தள்ளி நின்றால் ஒன்றுமே இல்லை. நிஜத்திலும் அந்த ஐந்தும்தான் ஒரு கூட்டமாக நகர்கின்றன, முனையில் இருக்கும் ரெண்டு பேர் வேறு திசையில் போகிறார்கள்.

நேரில் காட்ட, பங்குனியில் ராத்திரி ஒன்பது மணிக்கு வடகிழக்கே பாருங்கள். சித்திரையில் இன்னும் நன்றாகத் தெரியும், ஆனால் பள்ளிக்கூடம் லீவாயிற்றே.

பட்டன் கட்டும் அன்றைக்கு அந்த சாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், நூல் பிடிக்க உயரமான ஆள் வேண்டியிருக்கும்.